யாரெல்லாம் நம்மவர்? வீடு சொல்லித் தரும் முதல் கணக்கு

1942, ஆகஸ்ட் மாதம். போலந்தின் தென்பகுதியில் உள்ள போபோவா என்ற சிற்றூரில், யூதர்களை அடைத்து வைத்திருந்த குடியிருப்பை நாஜிப் படையினர் சுற்றி வளைத்தார்கள். எப்படியாவது ஓடிப் பிழைத்துக்கொள் என்று சித்தி சொன்னதைக் கேட்டு, 12 வயதுச் சிறுவன் ஒருவன் கூரையில் ஒளிந்து தப்பினான். வீட்டார் அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள். அவன் நடந்துபோய் ஒரு குடியானவப் பெண்ணின் கதவைத் தட்டினான். பால்வினா பியெட்சுக் என்ற அந்தப் பெண்ணுக்கு அவனுடைய அப்பாவைத் தெரியும், அவ்வளவுதான். அவள் அவனை உள்ளே அழைத்துக்கொண்டாள். போலந்துப் பெயர் ஒன்றைச் சூட்டினாள். யாராவது சோதித்தால் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று கத்தோலிக்க ஜெபங்களைச் சொல்லிக் கொடுத்தாள். யூதருக்கு அடைக்கலம் தந்தால் மரண தண்டனை என்று அறிவிக்கப்பட்டிருந்த காலம் அது. அவளுக்கும் குடும்பம் இருந்தது.

அந்தச் சிறுவன் சாமுவேல் ஒலினர். உயிர் பிழைத்து அமெரிக்கா போய், சமூகவியல் பேராசிரியர் ஆனார். வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே கேள்விக்குக் கொடுத்தார்: அதே ஊர், அதே பயம், அதே வறுமை. அப்படியிருக்க அவள் ஏன் கதவைத் திறந்தாள், மற்றவர்கள் ஏன் திறக்கவில்லை?

குடும்ப விழுமியங்கள் என்று பேச ஆரம்பித்தாலே பெரியவர்களுக்கு மரியாதை, கட்டுப்பாடு, ஒற்றுமை, கீழ்ப்படிதல் என்றுதான் பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் தவறு இல்லை. ஆனால் ஒலினர் தேடிய பதில் அதற்குள் இல்லை. அவர் கண்டதைப் படித்த பிறகு, குடும்பம் மனிதனை எப்படி உருவாக்குகிறது என்பதை நான் வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு வீடு குழந்தைக்குச் சொல்லித் தருகிற முதல் பாடமும் மிக ஆழமான பாடமும் ஒன்றேதான் என்று நினைக்கிறேன். யாரெல்லாம் நம்மவர், யாருடைய வலி நமக்கும் வலிக்க வேண்டும் என்ற பாடம் அது. மற்ற விழுமியங்கள் எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான் வேலை செய்கின்றன.

ஒலினரும் அவருடைய மனைவி பேர்லும் சேர்ந்து, நாஜிகள் ஆண்ட நாடுகளில் யூதர்களைக் காப்பாற்றிய 400-க்கும் மேற்பட்டவர்களிடம் விரிவாகப் பேட்டி எடுத்தார்கள். அதே காலத்தில் அதே இடங்களில் இருந்தும் எதுவும் செய்யாதவர்களையும், காப்பாற்றப்பட்டவர்களையும் கேட்டார்கள். 1988-இல் முடிவுகள் வெளிவந்தன. காப்பாற்றியவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள், படிக்காதவர்களும் இருந்தார்கள். ஏழைகளும் வசதியானவர்களும் இருந்தார்கள். பக்தியின் அளவும் இரு தரப்பையும் பிரித்துக் காட்டவில்லை. பிரித்துக் காட்டியவற்றுள் முக்கியமானது அவர்கள் வளர்ந்த வீடு.

இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, பெற்றோர் தண்டித்த விதம். காப்பாற்றியவர்களின் வீடுகளில் அடி குறைவு, விளக்கம் அதிகம். செய்தது ஏன் தவறு, அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று எடுத்துச் சொல்லும் பழக்கம் இருந்தது. இரண்டு, நல்லது செய் என்று சொன்னபோது யாருக்கு என்று சொன்னார்கள் என்பது. இரு தரப்பு வீடுகளிலும் நேர்மை பேசப்பட்டது, உழைப்பு பேசப்பட்டது. ஆனால் காப்பாற்றியவர்களின் வீடுகளில் அது எல்லா மனிதருக்கும் பொருந்தும் என்ற தொனியில் பேசப்பட்டது. மற்ற வீடுகளில் அது சொந்தத்தோடும் ஊரோடும் இனத்தோடும் நின்றுவிடுவது அதிகம். கீழ்ப்படிதலைப் பெற்றோர் வலியுறுத்தினார்கள் என்று நினைவுகூர்ந்தவர்கள் காப்பாற்றியவர்களிடையே குறைவு. இதைப் படித்தபோது ஒரு நிமிடம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சொன்னதைக் கேட்கும் பிள்ளை என்று நாம் பெருமைப்படுகிறோமே, சொல்கிறவர் கொடியவராக இருந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

சரி, வட்டம் என்று சொல்லிவிட்டோம். வட்டம் போட நடுவில் ஒரு புள்ளி வேண்டும். தன்னை யாரோ ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வே அந்தப் புள்ளி. அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ருமேனியா உலகத்துக்குக் காட்டியது.

மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்று 1966-இல் அந்நாட்டை ஆண்ட சௌஷெஸ்குவின் அரசு கருக்கலைப்பைத் தடை செய்தது. கருத்தடையும் கிடைக்காமல் போனது. வளர்க்க முடியாத குழந்தைகளை அரசு இல்லங்களில் விட்டுப் போனார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது அந்த இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். சாப்பாடு கிடைத்தது, கூரை இருந்தது. ஆனால் ஒரு பணியாளர் பல குழந்தைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. அழுதால் வந்து தூக்க ஆள் இல்லை. அழுது பயனில்லை என்று அழுவதையே நிறுத்திவிட்ட குழந்தைகளை அங்கே போனவர்கள் பார்த்தார்கள்.

பிறகு சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய மூவர் புக்கரெஸ்ட் நகர இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவுத்திறன், பற்று, முகம் பார்த்துச் சிரிக்கும் இயல்பு எல்லாமே மேம்பட்டன. இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகமாகத் தேறினார்கள். அந்தக் குடும்பங்கள் பெற்ற குடும்பங்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள். குழந்தைக்குத் தேவைப்பட்டது இரத்தம் அல்ல, மாறாத முகம்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. வறுமை, சண்டை, குடி என்று எல்லாம் எதிராக இருந்த வீடுகளில் பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக, பிறரிடம் அக்கறையுள்ளவர்களாக வளர்ந்தார்கள். அவர்கள் பலருக்கும் பொதுவாக இருந்தது, ஒட்டிக்கொள்ள ஒரே ஒரு பெரியவராவது கிடைத்தது. பாட்டியாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பைச் சொல்லாமல் போகக் கூடாது. பெற்றோர் வளர்ப்பினால் பிள்ளையின் குணம் அமைகிறது என்பதே மிகைப்படுத்தல் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஜூடித் ரிச் ஹாரிஸ் 1998-இல் இதை அழுத்தமாக எழுதினார். இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் ஆராய்ந்தவர்கள் கண்டதும் அவருக்குச் சாதகமாகவே இருந்தது. ஒரே வீட்டில் வளர்ந்த, இரத்த உறவில்லாத இரு பிள்ளைகள் பெரியவர்களான பிறகு சுபாவத்தில் ஏறக்குறைய அந்நியர்களைப் போலவே வேறுபடுகிறார்கள். வேறு நாட்டில் குடியேறியவர்களின் பிள்ளைகள் பெற்றோரின் உச்சரிப்பை விட்டுவிட்டுத் தோழர்களின் உச்சரிப்பில் பேசுகிறார்கள்.

இதை நான் ஏற்கிறேன். கூச்சம், துடுக்கு, கோபம், கலகலப்பு போன்றவற்றை வீடு செதுக்குவது கொஞ்சம்தான். பிள்ளை கூச்சப்படுகிறதே என்று தங்களையே குறைசொல்லிக்கொள்ளும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டால் ஆறுதல் அடைவார்கள். ஆனால் சுபாவம் வேறு, விழுமியம் வேறு. எந்த மொழியில் நினைக்கிறோம், எந்த வழிபாட்டில் வளர்கிறோம், எதைக் கண்டு வெட்கப்படுகிறோம் என்பவை வீட்டிலிருந்தே வருகின்றன. கூச்ச சுபாவமுள்ளவனும் கதவைத் திறக்கலாம், கலகலப்பானவனும் திறக்காமல் இருக்கலாம்.

அப்படியானால் அது எப்படிக் கடத்தப்படுகிறது? அறிவுரை வழியாக என்று நினைத்தால் 1970-இல் ஜேம்ஸ் பிரையனும் நான்சி வால்பெக்கும் செய்த சோதனையைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் ஒரு விளையாட்டு ஆடிப் பரிசு ஜெயித்தார்கள். அதில் ஒரு பங்கை இல்லாத குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். முன்னால் ஆடிக் காட்டிய பெரியவர் சில முறை கொடுக்கச் சொல்லிவிட்டுத் தானும் கொடுத்தார், சில முறை கொடுக்கச் சொல்லிவிட்டுத் தான் கொடுக்கவில்லை. பிள்ளைகள் கொடுத்தது, அவர் செய்ததைப் பார்த்துத்தான். அவர் சொன்னதற்குப் பெரிய மதிப்பு இருக்கவில்லை. ஆனால் பேச்சு வீணாகவும் போகவில்லை. இன்னொரு பிள்ளைக்கு என்ன சொல்வாய் என்று கேட்டபோது, அந்தப் பெரியவர் பேசியதைப் போலவே பிள்ளைகளும் பேசினார்கள். அதாவது, பெரியவரின் செயல் பிள்ளையின் செயலுக்குப் போயிற்று, பெரியவரின் பேச்சு பிள்ளையின் பேச்சுக்குப் போயிற்று. தாயைப் போல பிள்ளை என்று பழமொழி சொல்வது இப்படி இரட்டையாகவும் நிஜமாகிறது.

செயலைப் பார்ப்பதைவிட ஆழமாகப் பதிவது, செயலில் பங்கு பெறுவது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகள் இந்தப் பகுதியில் இருக்கின்றன. பியாட்ரிஸ் வைட்டிங்கும் ஜான் வைட்டிங்கும் 1950-களில் கென்யா, மெக்ஸிகோ, பிலிப்பைன்ஸ், ஒகினாவா, இந்தியா, அமெரிக்கா ஆகிய ஆறு இடங்களில் பிள்ளைகளை நாள்தோறும் கவனிக்கும் பெரிய திட்டத்தைத் தொடங்கினார்கள். பிறருக்கு உதவுவதிலும் தேற்றுவதிலும் முன்னால் நின்ற பிள்ளைகளில் கென்யாவின் நியான்சோங்கோ பிள்ளைகளும் உண்டு. அங்கே அம்மாக்கள் வயலுக்குப் போவார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் மாடு மேய்ப்பதும் பிள்ளைகளின் பொறுப்பு. அமெரிக்க ஊரில் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தங்கள் அறையைச் சுத்தமாக வைத்திருக்கும் வேலை மட்டுமே இருந்தது. அவர்கள் இதில் பின்தங்கினார்கள். தன் பொருளை அடுக்கி வைப்பதும் வேலைதான், ஆனால் அதில் இன்னொருவருடைய பசியோ அழுகையோ இல்லை. அந்த வேலையைச் செய்யாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. தம்பியைக் கவனிக்காமல் விட்டால் ஆகும்.

இதைவிடத் தெளிவான சான்று கரோல் எம்பர் 1973-இல் வெளியிட்டது. கென்யாவின் லுவோ மக்களிடையே குழந்தை பார்ப்பது, தண்ணீர் எடுப்பது போன்றவை பெண் பிள்ளைகளின் வேலைகள். ஆனால் பொருத்தமான வயதில் அக்காவோ தங்கையோ இல்லாத வீடுகளில் அவற்றை ஆண் பிள்ளைகள் செய்தார்கள். யாரும் குணம் பார்த்து அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, பிறந்த வரிசைதான் அவர்களை அங்கே நிறுத்தியது. அப்படி வீட்டுக்குள் வேலை செய்த பையன்கள், செய்யாத பையன்களைவிடச் சண்டை குறைவாகப் போட்டார்கள். வேலை நேரத்தில் மட்டுமல்ல, விளையாடும்போதும் அப்படியே. ஆண் பிள்ளை என்றால் முரட்டுத்தனம் இருக்கத்தான் செய்யும் என்று கைகழுவிவிடுகிற எந்த வீட்டுக்கும் இது சொல்ல வேண்டிய செய்தி. பிள்ளைகள் படித்தால் போதும் என்று ஒரு வேலையும் கொடுக்காமல் வளர்ப்பது பாசம்தான், ஆனால் அந்தப் பாசம் அவர்களிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டுவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் கதைகள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபைவுஷும் பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா, அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா என்ற வகைக் கேள்விகள். நிறையத் தெரிந்து வைத்திருந்த பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை அதிகமாக இருந்தது. தகவல் மட்டும் இந்த வேலையைச் செய்வதில்லை, யாராவது உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்களே, அந்த உறவுதான் செய்கிறது என்று டியூக்கே தெளிவுபடுத்தியிருக்கிறார்.

இனி கலாசாரத்துக்கு வருவோம். குடும்பங்கள் சேர்ந்தால் கலாசாரம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஓட்டம் எதிர்த் திசையிலும் இருக்கிறது. ஹெர்பர்ட் பாரி, இர்வின் சைல்ட், மார்கரெட் பேகன் ஆகியோர் உலகின் பல பழங்குடிச் சமூகங்களின் குழந்தை வளர்ப்பை 1959-இல் ஒப்பிட்டார்கள். தானியத்தையும் மந்தையையும் சேர்த்து வைத்துப் பிழைக்கும் சமூகங்கள் கீழ்ப்படிதலையும் பொறுப்பையும் வலியுறுத்தின. வேட்டையாடி அன்றன்று தேடிப் பிழைத்தவர்கள் துணிச்சலையும் தன் முடிவையும் வலியுறுத்தினார்கள். காரணம் எளிது. ஒருவன் அலட்சியத்தால் மந்தை போய்விட்டால் வருஷத்துக்கும் பட்டினி. வேட்டையில் புதிதாக ஒன்றை முயன்று தோற்றால் ஒரு நாள் பட்டினி.

மெல்வின் கோன் 1960-களில் நகரத்து வீடுகளில் இதையே கண்டார். மேற்பார்வையின்கீழ் சொன்னதைச் செய்யும் வேலையில் இருந்த பெற்றோர் பிள்ளையிடம் கீழ்ப்படிதலை எதிர்பார்த்தார்கள். தானே முடிவெடுக்கும் வேலையில் இருந்தவர்கள் சுயமாக யோசிப்பதை எதிர்பார்த்தார்கள். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து மன்சி நகரில் ராபர்ட் லிண்டும் ஹெலன் லிண்டும் 1924-இல் தாய்மார்களைக் கேட்டபோது, ஏறக்குறைய பாதிப் பேர் கண்டிப்பான கீழ்ப்படிதலை முக்கியப் பண்புகளில் ஒன்றாகச் சொன்னார்கள். 1978-இல் அதே ஊரில் அதே கேள்வி. சுதந்திரமாக நிற்பதும் பிறரைச் சகித்துக்கொள்வதும் மேலே வந்துவிட்டன. ஆகவே பழைய விழுமியங்கள் அழிந்துவிட்டன என்று வருத்தப்படும்போது, எந்தப் பிழைப்புக்காகப் பிறந்த விழுமியம் அது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. சில, தங்கள் வேலை முடிந்து போயிருக்கும். சிலவற்றை விடவே கூடாது.

விடக் கூடாதது எது என்பதற்கு ஒரு கசப்பான சான்று இத்தாலியில் இருக்கிறது. எட்வர்ட் பான்ஃபீல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1950-களின் நடுவில் தென் இத்தாலியின் ஓர் ஏழைச் சிற்றூரில் குடும்பத்தோடு தங்கி, 1958-இல் தான் கண்டதை எழுதினார். அந்த ஊரில் குடும்பப் பாசத்துக்குக் குறைவே இல்லை. பிள்ளைகளுக்காக உயிரையும் கொடுக்கும் பெற்றோர்கள். ஆனால் பாசம் வாசற்படியோடு நின்றுவிட்டது. தன் வீட்டுக்கு இப்போது என்ன லாபமோ அதைப் பார், மற்றவர்களும் அப்படித்தான் செய்வார்கள் என்பது எழுதாத விதியாக இருந்தது. இடிந்துகொண்டிருந்த பழைய மடம் ஒன்றில் கன்னியாஸ்திரிகள் சிறுமிகளுக்கான அநாதை இல்லம் நடத்தினார்கள். குழந்தைகள் அந்தப் பகுதிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்தான். ஊரில் வேலையில்லாமல் எத்தனையோ கொத்தனார்கள் இருந்தார்கள். ஒருவர்கூட ஒரு நாள் வந்து அந்தச் சுவரைச் சரிசெய்து கொடுக்கவில்லை.

பான்ஃபீல்ட் அந்த மக்களின் மனப்போக்கின் மேல் அதிகப் பழி போட்டுவிட்டார் என்று பின்னால் வந்தவர்கள் கண்டித்தார்கள். துண்டு துண்டான நிலம், கொடும் வறுமை, எட்டாத தூரத்தில் இருந்த அரசு, இவையெல்லாம் சேர்ந்து யாரையும் நம்ப முடியாத நிலையை உண்டாக்கின, அந்த நிலையில் வட்டத்தைச் சுருக்கிக்கொள்வது அறிவுள்ள செயல் என்றார்கள். எனக்கும் அவர்கள் சொல்வதே சரியாகப் படுகிறது. ஆனால் சுருங்கிய வட்டம் பிள்ளைகளுக்கும் போய்ச் சேருகிறது. பணம் வந்த பிறகும், அரசு அருகில் வந்த பிறகும் அது சட்டென்று விரிவதில்லை. லஞ்சம் வாங்குகிறவரும் தகுதியில்லாத உறவினரை வேலைக்கு எடுப்பவரும் வீட்டில் கெட்டவர்கள் அல்ல. குடும்பத்துக்காகச் செய்தேன் என்று மனமாரச் சொல்வார்கள். அது உண்மையும்கூட. அதுதான் இதில் வேதனையானது.

நேர் எதிரான ஒரு விளக்கமும் உண்டு. மேற்கு ஐரோப்பாவில் திருச்சபை நெருங்கிய உறவில் மணம் முடிப்பதை நூற்றாண்டுக் கணக்கில் தடுத்தது, 11-ஆம் நூற்றாண்டில் மிகத் தொலைவான சொந்தம்வரைகூடத் தடை நீண்டது, அதனால் பெருங்குடும்பக் கூட்டங்கள் தளர்ந்து மக்கள் அந்நியரை நம்பிச் சங்கங்களும் நகரங்களும் அமைக்க வேண்டியதாயிற்று என்று ஜோசஃப் ஹென்ரிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2019-இல் எழுதினார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. இதை வைத்து ஒரு கலாசாரத்தை மேலே தூக்கி இன்னொன்றைக் கீழே தள்ளுவது சரியல்ல. தளர்ந்த குடும்பங்களின் நாடுகளில் முதியவர்கள் தனியாகச் சாவதும் நடக்கிறது. பால்வினாவும் ஒலினரும் காட்டுவது மூன்றாவது வழி. ஒலினர் தம்பதி கண்ட காப்பாற்றியவர்கள் குடும்பத்திலிருந்து விலகிப் போனவர்கள் அல்ல. அவர்களில் பலர் பெற்றோரோடு மிக நெருக்கமாக வளர்ந்தவர்கள். நடுப்புள்ளி உறுதியாக இருந்ததால் வட்டத்தின் கோட்டைத் தூரத்தில் போட முடிந்தது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் மொழியில் சொல்வதும் இதே திசையைத்தான் காட்டுகிறது.

அந்தக் கோடு எந்த நொடியில் போடப்படுகிறது என்று யோசித்தால், அது மிகச் சிறிய நொடி. ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைத் தள்ளிவிடுகிறது. அடிக்கலாம், அதட்டலாம், மன்னிப்புக் கேள் என்று கட்டாயப்படுத்தலாம். அல்லது குனிந்து, அவன் முகத்தைப் பார், அவனுக்கு எப்படி இருக்கும் என்று கேட்கலாம். பெற்றோர் எப்படிக் கண்டிக்கிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்த மார்ட்டின் ஹாஃப்மன், பிறர் வேதனையைச் சுட்டிக்காட்டும் இந்த வகைக் கண்டிப்பு அடியையும் மிரட்டலையும்விட மனசாட்சியை வளர்ப்பதாகக் கண்டார். இதற்குக் காசு வேண்டாம், படிப்பு வேண்டாம். களைத்துப் போயிருக்கும் நேரத்திலும் ஒரு நிமிடம் குனிய வேண்டும், அதுதான் கஷ்டம்.

ஒலினர் பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் தாங்களாகத் தேடிப் போய் உதவ ஆரம்பித்தவர்கள் அல்ல. யாரோ வந்து கேட்டார்கள். சில சமயம் ஒரு சிறுவன் வாசலில் வந்து நின்றான். முடிவெடுக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டபோது, பெரும்பாலானவர்கள் சில நிமிடங்கள் என்றே சொன்னார்கள்.